ஃபார்மட் அடித்த பிறகும் வைரஸ் ஏன் திரும்பி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி மெதுவாக ஓடினாலும், கோப்பு திறக்கவில்லை என்றாலும், பென்டிரைவில் உள்ளதெல்லாம் மாயமானாலும் ‘வைரஸ் ஏறிடுச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மருந்தும் ஒன்றே: ‘ஃபார்மட் அடிச்சுடுங்க’. எம்.சி. ரோடு துணிக்கடையில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கும், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்கும், தம்புச் செட்டித் தெருவில் கப்பல் சரக்கு ஆவணம் தட்டச்சு செய்யும் அலுவலகத்துக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. காய்ச்சல் என்றதும் டெங்குவா, டைஃபாய்டா என்று பார்க்காமல் ஊசி போடுவது போன்றது இது. பல நேரங்களில் நோய் போவதில்லை, பிழைத்திருக்க வேண்டிய கோப்புகள்தான் போய்விடுகின்றன. தங்கள் நாளிதழ் வழியாக வடசென்னைக் கடைக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

வைரஸ் என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் உண்டு. தனியாக வாழத் தெரியாமல், வேறொரு நிரலுக்குள் புகுந்து, அந்த நிரல் ஓடும்போது தன்னையும் நகலெடுத்துக்கொள்வதுதான் வைரஸ். 1980களின் நடுவில் ஃபிரெட் கோஹன் தன் ஆய்வில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஐபிஎம் பிசியைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெய்ன்’, 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் இடமான ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாப்பி போனதோடு அந்த வகை ஏறக்குறைய மறைந்துவிட்டது. நமக்கு இன்று தொல்லை தருவது வேறு கூட்டம்.

முதலில் கோப்புகளைத் தொற்றும் வைரஸ். ‘ஃபார்மட் அடிச்சோம், மறுபடியும் வந்துடுச்சு’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ‘ஓட்டத்தை இங்கே தொடங்கு’ என்று ஒரு முகவரி இருக்கும். வைரஸ் தன் நிரலைக் கோப்பின் வாலில் ஒட்டிவிட்டு, தொடக்க முகவரியைத் தன் பக்கம் திருப்பிவிடும். நீங்கள் டேலியைத் திறந்தால் முதலில் ஓடுவது வைரஸ். வேலையை முடித்துவிட்டு அதுவே டேலியிடம் ஓட்டத்தை ஒப்படைத்துவிடும். டேலி வழக்கம்போலத் திறக்கும், சந்தேகமே வராது. 2003இல் தலைகாட்டிய ‘சாலிட்டி’, 2010இல் வந்த ‘ராம்னிட்’ இரண்டும் இந்த வகை. சாலிட்டி ஒவ்வொரு நகலிலும் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். ராம்னிட் எக்ஸ்இயோடு நிற்காமல், கணினியில் சேமித்து வைத்த எச்டிஎம்எல் பக்கங்களின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஃபார்மட் எங்கே தோற்கிறது என்று பாருங்கள். வழக்கமாக அழிப்பது சி டிரைவை மட்டும். டி டிரைவில் பிரிண்டர் டிரைவர், தமிழ் எழுத்துரு மென்பொருள், டேலி செட்டப் எல்லாம் ‘பத்திரமாக’ இருக்கும். அவை அத்தனையும் எக்ஸ்இ, அத்தனையிலும் தொற்று. புதிய விண்டோஸ் போட்டு முடித்து, முதல் வேலையாக டி டிரைவிலிருந்து பிரிண்டர் டிரைவரை இரட்டைச் சொடுக்குகிறோம். அந்த நொடியே வைரஸ் சி டிரைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு மணி நேர உழைப்பு வீண்.

சரியான வரிசை இது. தொற்றிய விண்டோஸைத் திறக்காமல், வேறொரு சுத்தமான கணினியில் தயாரித்த மீட்பு பென்டிரைவால் பூட் செய்யுங்கள். காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லா டிரைவுகளையும் ஸ்கேன் செய்யுங்கள். டி டிரைவில் உள்ள எக்ஸ்இ, எஸ்சிஆர் (ஸ்கிரீன்சேவர்) கோப்புகளைக் குணப்படுத்த முயலாமல் மொத்தமாக அழிப்பதே எங்கள் பரிந்துரை. அவற்றைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பில், படம், எக்சல், டேலியின் டேட்டா ஃபோல்டர் ஆகியவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். பிறகுதான் ஃபார்மட். ‘ஆன்டிவைரஸ் டேலியையே அழிச்சிடுச்சு’ என்று கோபப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது அழித்தது தொற்றிய எக்ஸ்இயை. கணக்கு டேட்டா ஃபோல்டரில் அப்படியே இருக்கும். டேலியைப் புதிதாக நிறுவி, அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

அடுத்தது புழு. இதற்கு ஒட்டிக்கொள்ள வேறு நிரல் தேவையில்லை, தானே தனி நிரல். வலைப்பின்னல் வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ தானாக நகரும். 1988 நவம்பர் 2ஆம் தேதி வெளிவந்த மாரிஸ் புழுதான் இணையத்தை முதன்முதலில் பெரிய அளவில் முடக்கியது. 2003 ஜனவரி 25இல் பரவிய ஸ்லாமர் வெறும் 376 பைட். இந்தக் கடிதத்தின் ஒரு பத்தியைவிடச் சிறியது.

நம் பகுதியில் தினமும் பார்க்கும் புழு, ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று பெயர் வாங்கியது. அதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பிராஜெக்ட் அறிக்கையை பிரிண்ட் எடுக்க ஒரு மாணவி ஜெராக்ஸ் கடைக் கணினியில் பென்டிரைவைச் சொருகுகிறார். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் ஒரு சிறு அம்புக்குறி. ஒவ்வொன்றின் அளவும் 1 அல்லது 2 கேபி. பென்டிரைவின் பிராபர்ட்டீஸிலோ 6 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. அப்படியானால் கோப்புகள் எங்கும் போகவில்லை. புழு அவற்றுக்கு ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு குறிகளைப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை உருவாக்கியிருக்கிறது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அந்தப் பெயர் உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எழுத்து.

ஷார்ட்கட்டைத் திறக்காமல் வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியைப் படியுங்கள். ஃபோல்டரின் பாதை இருக்க வேண்டிய இடத்தில் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 என்று கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரல் ஏதாவது ஒன்று இருக்கும். அந்த வரி முதலில் புழுவை ஓட்டும், உடனே உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். கோப்பு திறந்ததே என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். புழு அதற்குள் கணினியில் தன் நகலை வைத்து, தொடக்கத்திலேயே ஓடும்படி பதிந்துகொண்டு, புதிதாக எந்த டிரைவ் சொருகப்படுகிறது என்று விநாடிக்கு விநாடி பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலோர் தவறுவது வரிசையில்தான். பென்டிரைவை முதலில் சுத்தம் செய்கிறார்கள். கணினியில் புழு உயிரோடு இருப்பதால் சில விநாடிகளில் ஷார்ட்கட்டுகள் திரும்ப முளைக்கின்றன. ‘இது போகவே போகாது’ என்று பென்டிரைவை ஃபார்மட் செய்து, கோப்புகளை இழக்கிறார்கள். முதலில் பென்டிரைவைக் கழற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் பெயர் புரியாத ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) இருந்தால், அதன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு முடக்கி, அந்தக் கோப்பை அழியுங்கள். ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பிறகு பென்டிரைவைச் சொருகி, எதையும் சொடுக்காமல் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அந்த மறைவுக் குறிகளை நீக்கும் அட்ரிப் கட்டளை கொடுங்கள். ஏ, டி, டி, ஆர், ஐ, பி (attrib) என்ற ஆறு ஆங்கில எழுத்துகள். இடம் விட்டு மைனஸ் எச், இடம் விட்டு மைனஸ் ஆர், இடம் விட்டு மைனஸ் எஸ், இடம் விட்டு சாய்கோடு எஸ், இடம் விட்டு சாய்கோடு டி (/d), கடைசியில் பென்டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரக் குறி. என்டர் தட்டினால் மறைந்தவை வெளியே வரும். ஷார்ட்கட்டுகளையும், விபிஎஸ், ஜேஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் அழித்துவிடுங்கள். பெயரில்லாத ஃபோல்டர் தெரிந்தால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொண்டு அதையும் நீக்குங்கள்.

பென்டிரைவைச் சொருகியதுமே நிரல் தானாக ஓடும் வசதி விண்டோஸ் 7இலேயே நிறுத்தப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011 பிப்ரவரி அப்டேட்டில் அதே மாற்றம் வந்தது. அதனால்தான் புழுக்கள் நம் விரலை நம்பும் ஷார்ட்கட் வழிக்கு மாறின. நம் விரல் படாமலே நுழைந்ததும் உண்டு. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஷார்ட்கட்டின் படத்தை விண்டோஸ் திரையில் வரையும்போதே ஓடியது. இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணுமையத்துக்குள் அது போய்ச் சேர்ந்தது. ‘எங்க சிஸ்டத்துல நெட்டே கிடையாது, வைரஸ் வராது’ என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு எங்கள் வேண்டுகோள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய பென்டிரைவ் உங்கள் கணினியைத் தொட்டுப் போகிறது. ஒன்றில் இருந்தால் மாலைக்குள் எல்லோருக்கும் போய்விடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள், கோப்பின் உண்மையான வால் கண்ணில் படும். தினசரி வேலையை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் செய்யாமல் சாதாரணக் கணக்கில் செய்யுங்கள். பிரிண்ட் எடுக்க மட்டும் பயன்படும் கணினிக்கு லினக்ஸ் போட்டுவிட்டால் இந்த எக்ஸ்இ, ஷார்ட்கட் வகையறாக்கள் அங்கே ஓடாது. மறைந்த கோப்புகளை அட்ரிப் இல்லாமலே பார்க்கவும் முடியும். மாணவர்கள் பிரிண்டுக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொண்டு, தேவையான பிடிஎஃப் ஒன்றை மட்டும் அதில் போட்டுக்கொண்டு போவது நல்லது. மூன்று வருடப் பாடக்குறிப்புகளையும் அதில் சுமக்க வேண்டாம்.

வலைப்பின்னலில் ஓடும் புழுவுக்கு 2017 மே 12இல் வெடித்த வானாக்ரை பாடமாக நிற்கிறது. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி பதிப்பு 1இல் இருந்த ஓட்டை வழியாக, 445 என்ற போர்ட்டில் (வலைப்பின்னல் வாசலில்), யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டிருந்தது. வானாக்ரைக்கு அடுத்த மாதமே, ஜூன் 27இல் நாட்பெட்யா என்ற இன்னொரு புழு வந்து, நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தில் வேலை நின்றது. துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அதன் பொருள் நன்றாகவே புரியும். பழைய ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து ஸ்கேன் செய்தது நேராக ஃபோல்டருக்கு வர வேண்டும் என்பதற்காக, இன்றும் சில அலுவலகங்களில் எஸ்எம்பி 1ஐத் திறந்து வைத்திருக்கிறார்கள். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் அதை அணைத்துவிட்டு, ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது டிரோஜன். இது பரவாது, ஒட்டாது. நாமே கதவைத் திறந்து உள்ளே அழைக்கிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைக்க கிராக், கீஜென், ‘ஆக்டிவேட்டர்’ என்று இலவசமாக வருபவற்றில் இது மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு அடையாளங்களைச் சொல்கிறோம். ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று எழுதியிருக்கும். ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள். ரகசியம் காக்க அல்ல, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

இந்தக் கதவு வழியாக வருவதில் கொடியது ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ எனப்படும் ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்தில் புது வால் ஒன்று முளைக்கும். ஃபோல்டர்தோறும் ‘ரீட்மி’ என்ற குறிப்பு கிடக்கும். 980 டாலர் போல ஒரு தொகை கேட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை என்று சொல்லும். இதில் மீட்பு முழுக்கச் சாத்தியமில்லை என்றும் இல்லை, எப்போதும் சாத்தியம் என்றும் இல்லை. பூட்டும் நேரத்தில் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் உங்களுக்கென்று தனிச்சாவி வாங்கிப் பூட்டும். முடியாவிட்டால் தனக்குள்ளேயே இருக்கும் பொதுச்சாவியால் பூட்டும். குறிப்பில் உள்ள உங்கள் அடையாள எண் ‘டி1’ (t1) என்று முடிந்தால் அது பொதுச்சாவி. அந்தச் சாவி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி திறந்துவிடும். தனிச்சாவி என்றால் அந்தக் கருவியால் முடியாது. ‘நாங்கள் திறந்து தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இந்த ரேன்சம்வேர் கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை, முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டுகிறது. சின்ன வேர்டு கோப்பு அதிலேயே முடிந்துவிடும். கல்யாண வீடியோ போன்ற பெரிய எம்பி4 கோப்பில் பின்னால் உள்ளதெல்லாம் அப்படியே இருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, வீடியோ பழுதுநீக்கும் மென்பொருளால் பலவற்றை ஓட வைக்கலாம். அதனால் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள். பூட்டிய கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து மெயில், வங்கி, முகநூல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இந்த ரேன்சம்வேர் பல நேரங்களில் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் இன்னொரு டிரோஜனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கோப்பு போன துக்கத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை.

பேக்கப் எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். எடுத்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கூகுள் டிரைவில் தானாக ஏறும்படி வைத்திருப்பவர்களின் நல்ல பிரதி இருந்த இடத்தில் பூட்டிய பிரதி ஏறிவிடும். ஆனால் அங்கே கோப்பின் பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருக்கும். அதற்குள் கவனித்தால் திரும்ப எடுத்துவிடலாம்.

மெயில் வழி வருவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ், மேக்ரோ எனப்படும் குட்டிக் கட்டளைத் தொகுப்பாக ஒரு வேர்டு கோப்புக்குள் இருந்துகொண்டு, அவுட்லுக்கில் உள்ள முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பியது. 2000 மே மாதம் வந்த ‘ஐ லவ் யூ’ கடிதம், டிஎக்ஸ்டி என்று முடிவது போலக் காட்டி, உண்மையில் விபிஎஸ் என்று முடிந்தது. இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுத்த பிறகு, அனுப்புபவர்கள் ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி, ஆர்ஏஆர் என்று முடியும் பொட்டலக் கோப்புகளுக்கு மாறிவிட்டார்கள். சரக்கு ஏற்றுமதி அலுவலகங்களுக்கு ‘பில் ஆஃப் லேடிங்’, ‘பேமென்ட் அட்வைஸ்’ என்ற பெயரில் இப்படி வந்தால் திறக்காதீர்கள். உண்மையான ஆவணத்தை யாரும் ஐஎஸ்ஓவாக அனுப்புவதில்லை. ‘நான் ரோபோ அல்ல’ என்று காட்டும் பக்கத்தில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று சொன்னால், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். கெட்ட கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்ட வைக்கும் வேலை அது.

கைபேசிக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்று வரும் கோப்பு ஏபிகே என்று முடிந்தால் அது நிரல். பத்திரிகை என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோதான் இருக்க முடியும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய வாட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோயிருக்கும். நிறுவினால் எஸ்எம்எஸ் அனுமதி கேட்டு, வரும் ஓடிபிகளை வேறு யாருக்கோ அனுப்பிவிடும், தன் படத்தைத் திரையிலிருந்து மறைத்தும்கொள்ளும். தவறி நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலில் அது இருந்தால் அங்கே நீக்கி, பிறகு ஆப் பட்டியலில் அழியுங்கள். அழிக்க விடாவிட்டால் சேஃப் மோடில் போட்டு அழிக்கலாம்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன்னால் தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. கணினியில் வைரஸைப் புகுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். புகார் கொடுக்கப் போகும்போது அந்த ஏபிகே கோப்பு, வந்த எண்ணின் ஸ்கிரீன்ஷாட், வங்கியின் குறுஞ்செய்தி, ரேன்சம்வேர் என்றால் அந்த ரீட்மி குறிப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். போனை ரீசெட் செய்துவிட்டுப் போனால் காட்ட எதுவும் இருக்காது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. இணைய மோசடிச் செய்திகளில் எவ்வளவு பணம் போனது என்பது வருகிறது. அந்தக் கோப்பு எந்த எழுத்துகளில் முடிந்தது, எந்த வழியாக வந்தது, என்ன அனுமதி கேட்டது என்ற மூன்று விவரங்களையும் போலீசாரிடம் கேட்டு அதே செய்தியில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.